ஜீப்பும் ஆறங்குல டயரும்

ஊரிலிருந்து அக்கா பையன் போன் போட்டான். "மாமா, தாத்தாவோட 1968 ஜீப்புக்கு அகலமான டயர் போடப்போறேன். மட்கார்டை வெட்டி ஃபிளேர் வைக்கணும். என்ன சொல்றீங்க?"

டயர் தொழிற்சாலை இருக்கும் பாண்டுப்பில் குடியிருப்பதால் மாமாவுக்கு டயர் தெரியும் என்று நம்பிக்கை! நானோ வங்கிக்காரன், கணக்குதான் தெரியும்.

வரலாற்றைப் பார்ப்போம். 1945-ல் இரும்பு வியாபாரமாகத் தொடங்கிய மஹிந்திரா, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக இறக்கி மும்பையில் பூட்டத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் ஜீப்புக்கும், பின்னர் வந்த சிஜே 3பி-க்கும் டயர் 6.00-16தான். ஆறங்குல அகலம், 16 அங்குல ரிம்.

ஏன் இவ்வளவு ஒல்லி? சேற்றைப் பிளந்து அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை லேசாகத் திருப்பலாம். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும். வளைக்கையில் பட்டையில் உரசும். அதற்காகச் சக்கரத்தை வெளியே தள்ளினால், சேறு தெறிக்காமலிருக்க ஃபிளேர் வேண்டும். அதற்குத் தகட்டில் துளை போட்டால், மழை நீர் புகுந்து துருப்பிடிக்கும்.

இன்னொன்று: 2021 விதிகளின்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். ஆனால் அசல் வடிவில் இருக்க வேண்டும். கூட்டில் பெரிய மாற்றம் கூடாது.

"டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்டா. வெட்டிய தகடு திரும்ப வராது" என்றேன். யோசிக்கிறானாம். உங்கள் ஊர்க் கொட்டகையிலும் ஒரு ஜீப் தூங்குகிறதா?