கடல் கடந்த திருக்கதலீச்சுரம்

சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாநிலத்தில், சுவான்சௌ என்றொரு பழந்துறைமுகம் உண்டு. அராபிய வணிகர் அதனைச் 'சைத்தூன்' என அழைத்தனர். நகரெங்கும் சிவந்து பூத்துநின்ற 'சித்தோங்' மரமே அப்பெயர்க்குக் காரணம் என்பர். அம்மரம் வேறொன்றுமன்று, நம் ஊர் வேலியோரத்துக் கல்யாண முருங்கையே!

அங்குச் செல்வோர் காணத்தக்கவை பல. 1053 முதல் 1059 வரை கட்டப்பெற்ற லோயாங் கற்பாலம் அவற்றுள் ஒன்று. அலையடிக்கும் கழிமுகத்தில் அடிக்கற்கள் பெயராதிருக்க, அவற்றின்மீது சிப்பிகளை வளர்த்து, அச்சிப்பிகளே கற்களை இறுகப் பற்றுமாறு செய்தனர் அக்காலத்துச் சிற்பியர். சுண்ணாம்பினும் உறுதியான பூச்சு! 1009ஆம் ஆண்டளவில் எழுந்த கல் மசூதியும், பாறையில் செதுக்கிய லாவோட்சு முனிவர் சிலையும் காணத்தக்கனவே. 1974இல் துறைமுகச் சேற்றினின்று அகழ்ந்தெடுத்த 13ஆம் நூற்றாண்டு மரக்கலமும் அங்கே காட்சிக்குண்டு. அதனுள் வாசனைக் கட்டைகளோடு மிளகும் கிடைத்ததாம். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு, எழுநூறு ஆண்டுகளாக இறக்கப்படாத அம்மிளகின்மேல் தனியானதோர் ஈடுபாடு.

எல்லாவற்றினும் தலையாயது கையுவான் என்னும் பௌத்தப் பெருங்கோயில். 686இல் தோன்றியது. அதன் இருபுறமும் ஐந்து நிலைகளோடு நிற்கும் எண்கோணக் கற்கோபுரங்கள், 1604ஆம் ஆண்டின் கடும் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றவை. பயணிகளிற் பலர் அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். நம்மவர் அவ்வாறு திரும்புதல் ஆகாது. பெருமண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்திற்குச் செல்லல் வேண்டும். அங்குள்ள இரு கற்றூண்களில் இரணியனைப் பிளக்கும் நரசிங்கப் பெருமானையும், மருத மரங்களிடையே நிற்கும் கண்ணனையும், முதலைவாய்ப்பட்ட யானைக்கு அருள வந்த திருமாலையும் காணலாம். புத்தர் கோயிலில் இவர்கள் புகுந்தது எங்ஙனம்?

விடையின் ஒரு பகுதியை 1950களில் அந்நகரிலேயே வெளிப்பட்ட ஒரு கல்வெட்டு தருகின்றது. எழுத்தும் மொழியும் தமிழ். இறுதியில் சீன எழுத்தில் ஒரு வரி. சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நட்சத்திரம், அதாவது கி.பி. 1281. தவச் சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பார், செகசை கானின் உடல்நலம் வேண்டி, அவன் ஆணையின்படி, திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளுவித்தார் என்பது அதன் செய்தி. செகசை கான் என்பவன் மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானே ஆவான். தென்சீனத்துச் சோங் அரசு முற்றும் வீழ்ந்தது 1279இல். ஆட்சி மாறிய இரண்டே ஆண்டுகளில் புதிய அரசனின் ஆணையோடு கோயில் எடுத்திருக்கின்றனர். அயல்மண்ணில் பிழைக்க வந்தோர்க்கு வேண்டிய விவேகம் இதில் தெரிகின்றது. ஆயினும், அரசன் நலனை வேண்டிய கல்லில் எழுதியது தம் தாய்மொழியில்! அக்குடியிருப்பில் எத்துணையோ வணிகரும் அவர்தம் மக்களும் வாழ்ந்திருப்பர். இக்கல் நமக்குத் தரும் பெயரோ சம்பந்தப் பெருமாள் ஒன்றே.

1357 முதல் 1366 வரை அந்நகரில் பாரசீகப் படையினர் கிளப்பிய கலகம் நடந்தது. அது அடக்கப்பட்டபோது அயல்நாட்டார் பலர் மாண்டனர், எஞ்சியோர் ஓடினர். சிவன் கோயிலும் அக்காலத்தை ஒட்டியே அழிந்திருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அதன் கற்கள் மதிலுக்கும் கட்டடங்களுக்கும் போயின. மிங் அரசர் காலத் திருப்பணியின்போது கையுவான் கோயிலுக்கு வந்துசேர்ந்தவையே மேற்சொன்ன தூண்கள்.

இருபதாம் நூற்றாண்டில் நகர மதில் இடிக்கப்பட்டபோது, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் வூ வென்லியாங் என்பார் சிதறிய கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். தமிழறியாத அவர், சிவலிங்கத்தை வழிபடும் யானையையும் நரசிங்கத்தையும் பிற சமயங்களின் கற்களோடு ஒருங்கே காத்து, 1957இல் நூலாகவும் வெளியிட்டார். அக்கற்கள் பலவற்றை இன்று அந்நகரின் கடல்வாணிப அருங்காட்சியகத்தில் காணலாம். 2021இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

நகர்ப்புறத்தே சேதியான் என்னும் சிற்றூரில், நான்கு கரங்களுடைய பெண்தெய்வத்தின் பழஞ்சிலை ஒன்று சிறு கோயிலில் உள்ளது. இந்தியத் தெய்வச் சிலை என ஆய்வாளர் கருதும் அதனை, ஊரார் குவான்யின் அம்மையெனக் கொண்டு ஊதுவத்தி ஏற்றி வணங்கி வருகின்றனர்.