ஆல்தியா கிப்சன்

ஆல்தியா கிப்சன் (25 ஆகஸ்ட் 1927 – 28 செப்டம்பர் 2003) அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை. கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர். தென் கரோலினாவில் விளைச்சலில் பங்கு தரும் வாரமுறையில் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தார். தெருவில் ஆடிய சிறுமியின் திறமையைக் கண்ட அக்கம்பக்கத்தார், காசு திரட்டி அவரை டென்னிஸ் கிளப்பில் சேர்த்தனர்.

கறுப்பினத்தவர் தமக்கென நடத்திய அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் மகளிர் பட்டத்தை 1947 முதல் 1956 வரை தொடர்ந்து 10 முறை வென்றார். ஆனால் தேசியப் போட்டியில் அவருக்கு இடமில்லை. விதிப்படி இனப் பாகுபாடு கூடாது, நடைமுறை வேறு. தேசியப் போட்டிக்குத் தகுதி பெறப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். புள்ளி தரும் போட்டிகளில் பெரும்பாலானவை வெள்ளையர் மட்டுமே நுழையக்கூடிய கிளப்புகளில் நடந்தன. யாரும் தடுத்ததாகச் சொல்ல முடியாதபடி தடுத்த ஏற்பாடு இது. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் 1950 ஜூலையில் டென்னிஸ் இதழொன்றில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அடுத்த மாதமே தேசியப் போட்டியில் ஆடக் கிப்சனுக்கு அழைப்பு வந்தது. அந்தப் போட்டியின் இரண்டாம் சுற்றில், விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரௌவுக்கு எதிராகக் கடைசி செட்டில் 7-6 என முன்னிலையில் இருந்தபோது இடிமழை ஆட்டத்தை நிறுத்தியது, மறுநாள் தோற்றார்.

1955-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாடு செய்த நல்லெண்ணப் பயணத்தில் இந்தியா, இலங்கை, பர்மா உள்ளிட்ட நாடுகளில் ஆடினார். 1956-இல் பிரெஞ்சுப் பட்டம் கிடைத்தது. அங்கும் விம்பிள்டனிலும் அவருடன் இணைந்து இரட்டையர் பட்டம் வென்றவர், யூதர் என்பதால் தாமும் ஒதுக்கப்பட்ட ஆங்கிலேய வீராங்கனை ஏஞ்சலா பக்ஸ்டன். 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன், அமெரிக்க ஒற்றையர் பட்டங்கள் கிப்சனுக்கே. 1957-இல் விம்பிள்டன் கோப்பையை ராணி இரண்டாம் எலிசபெத் வழங்கினார்.

மொத்தம் 11 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள்; பரிசுப் பணம் என்று ஒரு டாலர்கூட இல்லை, அது அமெச்சூர் காலம். பிழைப்புக்காகக் கூடைப்பந்துக் காட்சி ஆட்டங்களின் இடைவேளையில் டென்னிஸ் ஆடிக் காட்டினார். 1964-இல் மகளிர் தொழில்முறை கோல்ஃப் சுற்றில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணானார். அங்கே சில கிளப்புகள் உடை மாற்றும் அறையில்கூட அவரை அனுமதிக்காததால், காருக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டு களமிறங்கினார். விம்பிள்டனை இருமுறை வென்றவருக்கு நேர்ந்த அவமதிப்பு இது.

1990-களில் நோயும் வறுமையும் சூழ்ந்தபோது, பக்ஸ்டனே டென்னிஸ் உலகத்திடம் நிதி திரட்டிக் கொடுத்தார். யு.எஸ். ஓபன் நடைபெறும் வளாகத்தில் கிப்சனின் சிலை நிறுவப்பட்டது 2019-இல்தான்.