ஊசிப்புழு

கீரிப்பூச்சி, நூற்புழு, ஊசிப்புழு: மூன்றும் ஒன்றே. குழந்தையின் மலத்தில் வெள்ளை நூல் துண்டாக நெளிவதைப் பார்த்தவர் நூற்புழு என்றார். ஊசி என்பது பெண்புழுவின் கூரிய வாலைக் குறிக்கும். பழைய அறிவியல் பெயரான ஆக்சியூரிஸ் என்பதற்கும் கிரேக்கத்தில் கூர்வால் என்றே பொருள். இன்றைய பெயர் என்டரோபியஸ் வெர்மிகுலாரிஸ். என்டரான் குடல், பயோஸ் வாழ்வு; வெர்மிகுலஸ் லத்தீனில் சிறுபுழு. நாம் இன்று நுண்ணுயிருக்குச் சொல்லும் ‘கிருமி’ என்ற வடசொல்லின் மூலப்பொருளும் புழுதான்.

பெண்புழு ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தூங்கும் பிள்ளை அரிப்பில் சொறியும். நகக்கண்ணில் ஏறிய முட்டை விடிந்ததும் விரல் சூப்பும்போது வாய்க்குப் போகும். அதுவே மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம். இனிப்பு தின்றதால் பூச்சி வந்தது என்று பிள்ளையைத் திட்டுவது அநியாயம்.

அல்பெண்டசோல் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை அழிக்காது. முட்டைகள் துணியிலும் பாயிலும் இரண்டு, மூன்று வாரம் தாங்கும். ஆகவே மருத்துவர் சொல்லும் அளவில் வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். அந்த இரண்டாம் வேளையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், காலையில் எழுந்ததும் ஆசனவாய்ப் பகுதியைக் கழுவிவிடுங்கள்.