கோடையில் சூடேறும் மீன்தொட்டி: வீட்டிலேயே குளிரூட்டும் அமைப்பை உருவாக்குவது எப்படி?

புதுடெல்லி: வட இந்தியச் சமவெளியில் மே மாதப் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது புதிதல்ல. மனிதர்கள் ஏர் கூலர், குளிர்சாதனம் என்று ஒதுங்கிக்கொள்ளும் அந்த நாள்களில், வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் உள்ள மீன்களுக்கு ஒதுங்க இடமில்லை. காலையில் துள்ளி நீந்திய மீன்கள் மாலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கவனிக்காமல் விட்டால் மறுநாள் மிதக்கும். இதைத் தடுக்க அமுக்கியுடன் கூடிய 'சில்லர்' கருவிகள் சந்தையில் உள்ளன. ஆனால், சிறு தொட்டி வைத்திருப்போருக்குத் தொட்டி, மீன், வடிகட்டி ஆகியவற்றின் மொத்தச் செலவைவிட அதன் விலை கூடுதலாக இருக்கும். இதற்கு மாற்றாகச் சில நூறு ரூபாய்ச் செலவில் ஓர் அமைப்பை வீட்டிலேயே உருவாக்க முடியும். அது எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதை அந்த ஊரின் காற்றே தீர்மானிக்கிறது.

மீன்கள் ஏன் தவிக்கின்றன?

நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகச் சரிகிறது. அதே வேளையில், குளிர் இரத்தப் பிராணியான மீனின் உடல் இயக்கம், வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறையும்போதே தேவை கூடுவதுதான் சிக்கல். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் வெப்பமான நீரில் கூடுதல் நச்சுத்தன்மை பெறுகிறது.

எல்லா மீன்களுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. டிஸ்கஸ் மீன் 28 முதல் 30 டிகிரியை விரும்பும். ஃபைட்டர் மீன் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியது என்பதால், ஆக்சிஜன் குறைவைச் சமாளித்துவிடும். தங்கமீனோ குளிர்நீர் இனம். 24 டிகிரிக்குக் கீழ் இருந்தால்தான் அதற்கு நிம்மதி. சோகம் என்னவென்றால், நம் நாட்டில் பலரும் முதன்முதலில் வாங்குவது தங்கமீனைத்தான்.

மண்பானையின் தத்துவம்

மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், ஏர் கூலர் வேலை செய்வதும், மீன்தொட்டியின் மேல் விசிறி வைத்தால் நீர் குளிர்வதும் ஒரே காரணத்தால்தான். நீர் ஆவியாகும்போது எஞ்சிய நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. வெளியிலிருந்து வெப்பம் ஏதும் சேராது என்று வைத்துக்கொண்டால், 100 லிட்டர் தொட்டியை 5 டிகிரிக்கும் மேலாகக் குளிர்விக்க இது போதும். நடைமுறையில் அறையின் சூடு இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருப்பதால், இந்த முழுப் பலனும் கிடைப்பதில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஆவியாதல் மூலம் நீரை எவ்வளவு குளிர்வித்தாலும், அது 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்ற அளவுக்குக் கீழே இறங்காது. 42 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருக்கும் டெல்லியிலோ நாக்பூரிலோ இந்த எல்லை ஏறத்தாழ 24 டிகிரி. 36 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும் சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களில் அது 29 டிகிரிக்கு அருகில் நிற்கிறது. வெயில் குறைவான ஊரில்தான் மீன்தொட்டியைக் குளிர்விப்பது கடினம் என்பது விந்தையாகத் தோன்றினாலும் உண்மை.

எனவே, பணம் செலவழிக்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்வது நல்லது. சாதாரணக் கண்ணாடி வெப்பமானியின் குமிழைச் சுற்றி நனைத்த பருத்தித் துணியைக் கட்டி, ஓடும் மின்விசிறியின் முன் பிற்பகலில் பிடிக்க வேண்டும். அளவு இறங்கி எங்கே நிலைக்கிறதோ, அதுதான் அந்த அறையின் எல்லை. தொட்டி நீர் அதைவிட ஓரிரு டிகிரி மேலேயே நிற்கும். சோதனையில் 24 காட்டினால் விசிறியே போதும். 29 காட்டினால், அந்த வீட்டில் விசிறியை மட்டும் நம்பித் தங்கமீன் வளர்க்க முடியாது. ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற வெப்பநீர் இனங்களே பொருந்தும்.

விசிறி அமைப்பை உருவாக்கும் முறை

இரண்டு அடி நீளத் தொட்டிக்கு, கணினியில் பயன்படும் 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு தேவை. ஒவ்வொன்றும் இரண்டு முதல் மூன்று வாட் மின்சாரமே எடுக்கும். அலுமினிய 'எல்' பட்டையில் இவற்றைத் திருகி, தொட்டியின் ஒரு பக்க விளிம்பில் சாய்வாகப் பொருத்த வேண்டும். அறைக்காற்று நீர்மட்டத்தை உரசிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வெளியேற வேண்டும். ஈரக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வகையில் விசிறியைத் திருப்பி வைத்தால், அந்த ஈரத்தில் அதன் தாங்கி விரைவில் துருப்பிடிக்கும்.

கண்ணாடி மூடியை அகற்றிவிட வேண்டும். மூடி இருக்கும்வரை ஆவி தேங்கி, விசிறி வீணாகச் சுழலும். மீன்கள் துள்ளி வெளியே விழாமலிருக்க, கொசுவலை போன்ற மெல்லிய வலையை விரித்தால் போதுமானது. அறையின் சன்னலையும் சற்றுத் திறந்து வைப்பது அவசியம். இல்லையெனில், ஆவியான நீரே அறையின் ஈரப்பதத்தைக் கூட்டிவிடும்.

விசிறியின் சிவப்பு, கறுப்பு வயர்களை 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டருடன் இணைக்கலாம். மூன்றாவதாக மஞ்சள் வயர் இருந்தால், அது சுழற்சி வேகத்தை அறிவதற்கானது. அதன் முனையை டேப் சுற்றி ஒதுக்கிவிடலாம். இடையில் ஒரு சிறிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டைச் சேர்த்து அதன் உணரியை நீரில் அமிழ்த்தினால், 28 டிகிரியைத் தாண்டும்போது விசிறி ஓடி, 27-இல் நிற்கும். தெர்மோஸ்டாட் 'குளிர்விக்கும்' முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'வெப்பமூட்டும்' முறையில் இருந்தால், நீர் சூடானதும் விசிறி நின்றுவிடும்.

நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், அடாப்டரைத் தொட்டியின் விளிம்பில் வைக்கக் கூடாது. வயர் பிளக்கை அடையும் முன் ஒரு வளைவாகக் கீழிறங்கி மேலேறினால், வழிந்து வரும் நீர்த்துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டு மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருப்பது உயிர்காக்கும் ஏற்பாடு.

விசிறி ஓடும் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ நீர் குறையலாம். நீர் மட்டுமே ஆவியாகும்; உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே, உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே தொடர்ந்து ஊற்றினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்வது சிறந்தது.

வெப்பம் உள்ளிருந்தும் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீரில் மூழ்கி இயங்கும் 20 வாட் மோட்டார், நாள் முழுவதும் ஓடினால் 100 லிட்டர் நீரை 4 டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பத்தை அதில் சேர்க்கிறது. அளவுக்கு மீறிய மோட்டாரை மாற்றுவதும், விளக்கை இரவில் மட்டும் எரிய விடுவதும் செலவில்லாத குளிரூட்டல்.

பனிக்கட்டியும் பெல்டியரும்

அவசரத்துக்குப் பனிக்கட்டி உதவும். ஒரு கிலோ பனிக்கட்டி முழுவதும் உருகிக் கலந்தால் 100 லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். அதை நேரடியாகப் போடாமல், மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்கவிட வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் தொட்டியில் சேராமலிருக்க இதுவே வழி. மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. திடீர்க் குளிர்ச்சி, வெப்பத்தைப் போலவே மீனை வதைக்கும்.

டிஇசி1-12706 என்ற குறியீட்டில் விற்கப்படும் பெல்டியர் சில்லுகளைக் கொண்டு குளிரூட்டி செய்யும் முயற்சிகளும் பெருகியுள்ளன. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் இதற்கு இடமுண்டு. எனினும், கணக்கு ஊக்கமளிப்பதாக இல்லை. இத்தகைய சில்லு சுமார் 60 வாட் மின்சாரத்தை எடுத்து, நடைமுறையில் 20 முதல் 30 வாட் வெப்பத்தையே நீரிலிருந்து அகற்றுகிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கும் சிறு விசிறியும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்துவிடுகிறது. மேலும், மின்சாரம் நின்ற மறுகணமே சில்லின் சூடான பக்கத்திலிருந்து வெப்பம் நீரை நோக்கித் திரும்பிப் பாயும்.

பழைய குளிர்ப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் குழாயைச் சுருட்டி வைத்து நீரைச் சுழற்றுவதும் ஏமாற்றத்திலேயே முடிகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் பிளாஸ்டிக்கும் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. குழாயை மாற்றினால் சரியாகிவிடும் என்று செம்புச் சுருளைப் பொருத்துவது அதைவிடப் பெரிய தவறு. நீரில் கரையும் செம்பு இறால், நத்தை போன்றவற்றைக் கொன்றுவிடும். அளவு கூடினால் மீன்களையும் விட்டுவைக்காது.

மின்வெட்டு நேரத்தில் விசிறியைவிட ஏர் பம்ப் முக்கியம். குளிர்ச்சி சிறிது தாமதமாகலாம், ஆக்சிஜன் தாமதமாகக் கூடாது. பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்திருப்பதுடன், மீன்களுக்குத் தரும் உணவையும் அன்று பாதியாகக் குறைக்க வேண்டும். வைஃபை ரூட்டருக்காக விற்கப்படும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வீட்டில் இருந்தால், இரண்டு விசிறிகளையும் அதிலேயே இணைத்துச் சில மணி நேரம் ஓட்டலாம்.