களைதலின் கலை: தத்ரூபத்தை நாடாத வீடியோ கேம்களின் காட்சியியல்

வீடியோ கேம்களின் காட்சி அழகைப் பேச வருவோர் பெரும்பாலும் ஒரே அளவுகோலை எடுக்கிறார்கள்: தோலும் நீரும் நிழலும் எந்த அளவுக்கு நிஜத்தை ஒத்திருக்கின்றன? அதில் அடங்காமலும் கண்ணைக் கவரும் ஆட்டங்களைப் பற்றி, ‘இவை காலத்தால் பழசாவதில்லை’ என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அது விளைவைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை. ஆடுபவர் எதைக் கவனிக்க வேண்டுமோ அதற்குத் தடையாக நிற்பவற்றைக் களைவதில்தான் இவ்வாட்டங்களின் வலிமை இருக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

நின்டெண்டோ 2000இல் காட்டிய ஒரு முன்னோட்டத்தில் செல்டா தொடரின் நாயகன் லிங்க் ஏறத்தாழ நிஜ மனிதச் சாயலில் வாள் சுழற்றினான். மறு ஆண்டு வெளிவந்த காட்சியிலோ அவன் பெரிய கண்களுடைய கார்ட்டூன் சிறுவன். ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தத் தோற்றத்தோடு 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘தி விண்ட் வேக்கர்’ கையாண்டது செல் ஷேடிங் முறையை. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நிறம் படிப்படியாக மங்காமல், இடையில் வெட்டினாற்போல் ஒரு எல்லை விழும். இப்படி எளிமையாக்கப்பட்ட உலகில் காற்றையே வெண்கோடுகளாக வரைய முடிந்தது. பாய்மரப் படகு செலுத்தும் ஆட்டத்தில் காற்றின் திசை தெரிந்தாக வேண்டும். நிஜத்தை நகலெடுக்கும் கடலில் அதே கோடுகள் ஒட்டவைத்த குறிகளாகத் துருத்திக்கொண்டு நின்றிருக்கும். லிங்கின் பெரிய கண்களும் அலங்காரமல்ல. அருகில் முக்கியமான பொருள் இருந்தால் அவை அதன் பக்கம் திரும்பும்.

இதைவிடக் கடுமையான சான்று லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. ஆள்களின்றித் திரும்பிவந்த கப்பலொன்றில், 1807ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர் ஏறுகிறார். கப்பலில் சென்ற 60 பேரும் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிவதே ஆட்டம். திரையில் எந்த நேரத்திலும் இரண்டே நிறங்கள்தான், சாம்பல்கூடக் கிடையாது. விளிம்புகளைக் கோடுகளும், நிழலை டிதரிங் எனப்படும் புள்ளிப் பரவலும் காட்டுகின்றன. இதில் ஒரு சிக்கல் எழுந்தது. புள்ளிகள் திரையோடு பிணைந்திருந்தால், கேமரா திரும்பும்போது அவை காட்சியின் மேல் ஊர்வதுபோல் தோன்றிக் கண்ணை உறுத்தும். கேமராவைச் சுற்றி ஒரு கற்பனைக் கோளத்தை அமைத்து அதன்மேல் புள்ளிகளைப் பதித்தார் போப். பார்வை திரும்பும் வேகத்திலேயே அவையும் நகர்ந்தன. பழைய மேகின்டோஷ் கணினியின் இருநிறத் திரைமீதான ஏக்கமென்று மட்டும் இந்தத் தோற்றத்தைப் படிப்பது போதாது. மரணக் கணத்தில் உறைந்த காட்சிகளுக்குள் நடந்து, தொப்பி, பச்சைகுத்து, நிற்கும் இடம் எனத் தடயம் தேடும் ஆட்டம் இது. நிறம் போனபின் உருவரை ஒவ்வொன்றும் சாட்சியமாகிறது.

சிறு குழுக்களின் வறுமைக்கு வைத்த அழகிய பெயரே இந்தப் பாணி என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ‘ஓகாமி’ (2006) தத்ரூபமாகவே தொடங்கி, அப்போதைய கருவியின் வரம்பால் மைத்தூரிகை ஓவியத்துக்குத் திரும்பியது. ஆனால் தொடங்கிய காரணம் வேறு, முடிந்த பயன் வேறு: தூரிகையால் உலகின்மீது வரைவதே அதன் முதன்மைச் செயலாயிற்று. 2014இன் ‘கில்டி கியர் எக்ஸார்ட்’ மறுப்பை நேராகவே உடைக்கிறது. அதன் முப்பரிமாண உருவங்களைக் கையால் வரைந்த அனிமேபோலக் காட்ட, அசைவுகளுக்கிடையே கணினி தானாக இட்டுநிரப்பும் சட்டகங்களைத் தவிர்த்தார்கள். நிழல் விழும் விதத்தைக் கையால் திருத்தினார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி ஒளி வைத்தார்கள். இதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல முடியாது.

‘விண்ட் வேக்கர்’ 2013இல் உயர் தெளிவுத்திறனில் மீண்டும் வந்தபோது, புதிய ஒளிப்பிரகாசமும் மென்நிழலும் சேர்ந்தன. பழைய வெட்டெல்லை பல இடங்களில் மழுங்கியது. பாத்திரங்கள் சற்றே பொம்மைகளாகத் தெரிகின்றன. என் பார்வையில் அது இழப்பு, ஆனால் சிறிய இழப்பு. படகு செலுத்தக் காற்றுக்கோடுகள் இன்னும் வேண்டும். அவற்றை மறுபதிப்பாளர்கள் நீக்கவில்லை.