பட்டம் வாங்கிய முதல் இரண்டு பெண்கள்



நான் குன்னூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிற குழு உறுப்பினர். பத்தாவது வரைதான் படிப்பு. வீட்டு வேலை, கொஞ்சம் தேயிலை, ஒரு மாடு, இதுதான் என் உலகம். மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதுங்கன்னு சொன்னாங்க. நம்ம மலைக்கு வெள்ளைக்காரன் வந்த கதையையும், ரயில் வந்த கதையையும் வேற யாராவது எழுதுவாங்க. நான் பெண்கள் காலேஜ் பட்டம் வாங்கின கதையை எழுதுகிறேன். ஏன் இதை எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பட்டமளிப்பு விழா எப்போது வந்தது?

1857-ம் வருஷம் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் பல்கலைக்கழகம் ஆரம்பித்தார்கள். சென்னைக்கு கவர்னர்தான் வேந்தர். கல்கத்தாவுக்கு வைஸ்ராயே வேந்தர். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய மண்டபத்தில் விழா நடக்கும். பரீட்சையில் தேறியவர்கள் அங்கி போட்டுக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். எழுந்து போய் பட்டத்தை வாங்கிக்கொண்டு வரவேண்டும். நல்ல மார்க் எடுத்தவர்களுக்குப் பதக்கமும் பரிசும் உண்டு. இன்றைக்கு நம்ம பிள்ளைகள் காலேஜில் நடப்பதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

சென்னையில் முதன்முதலாக பி.ஏ. பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. பழைய ஓலைச்சுவடிகளைத் தேடி எடுத்து அச்சுப் போட்டாரே, அவர்தான். இன்னொருவர் கறோல் விசுவநாதபிள்ளை. கல்கத்தாவிலும் 1858-ல் முதலில் தேறியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் வந்தே மாதரம் பாட்டு எழுதிய பங்கிம் சந்திரர், மற்றவர் ஜதுநாத் போஸ். ஒரு பாடத்தில் மார்க் கொஞ்சம் குறைந்து போனதால் இவர்களுக்குக் கருணை மார்க் போட்டுத்தான் தேறவைத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெண்களுக்கு அந்த மண்டபத்தில் இடமே இல்லை. பெண் பரீட்சை எழுதலாமா கூடாதா என்றுகூட யாரும் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு மாணவிக்காக ஒரு காலேஜ்

1876-ல் டேராடூனில் படித்த சந்திரமுகி பாசு என்ற பெண் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை எழுத அனுமதி கேட்டார். எழுத விட்டார்கள். நன்றாகவே எழுதினார். ஆனால் தேறியவர் பட்டியலில் பெயர் போடவில்லை. பெண்ணைப் பட்டியலில் சேர்ப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லையாம்.

அப்போது கல்கத்தாவில் துவாரகாநாத் கங்குலி என்று ஒரு வாத்தியார் இருந்தார். பெண்களையும் பரீட்சை எழுத விடவேண்டும் என்று அவரும் அவர் கூட்டாளிகளும் விடாமல் கேட்டார்கள். 1878-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முடிவு செய்ததும் அதே வருஷம்தான்.

அந்த வருஷம் காதம்பினி பாசு என்ற பெண் நுழைவுப் பரீட்சையில் தேறினார். முதல் வகுப்பு ஒரே ஒரு மார்க்கில் போய்விட்டது. ஆம்பிளைகளுக்குக் கருணை மார்க் போட்ட அதே பல்கலைக்கழகம்தான். இருந்தாலும் அவர் மேலே படிக்கணும் என்றார். பெண்களுக்குக் காலேஜ் இல்லையே, எங்கே போய்ப் படிப்பது? பெத்தூன் பள்ளிக்கூடத்திலேயே 1879-ல் காலேஜ் வகுப்பு ஆரம்பித்தார்கள். மாணவி ஒருத்தர் மட்டும்தான். அந்த ஒருத்தருக்காக ஆரம்பித்ததுதான் இன்றைக்கும் நடக்கிற பெத்தூன் காலேஜ்.

சந்திரமுகி கிறிஸ்தவப் பெண். பெத்தூனில் அப்போது இந்துப் பெண்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். அதனால் வேறு இடத்தில் படித்தார். பிறகு விதியை மாற்றி அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

1883-ல் இரண்டு பேரும் பி.ஏ. தேறினார்கள். அந்த வருஷப் பட்டமளிப்பு விழாவில் இரண்டு பேருக்கும் பட்டம் கிடைத்தது. இந்தியாவில் பட்டம் வாங்கிய முதல் பெண்கள் இவர்கள்தான். ஆண்களுக்கும் முதலில் இரண்டு பேர், பெண்களுக்கும் முதலில் இரண்டு பேர். நடுவில் போனது 25 வருஷம்.

நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் ஊரில் எப்படி இருந்தது தெரியுமா? ஆக்ஸ்போர்டில் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1920-ல். கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், பரீட்சையும் எழுதலாம், ஆனால் முழுப் பட்டம் 1948 வரைக்கும் கிடையாது. நமக்குச் சுதந்திரம் வந்து மறு வருஷம்தான் அங்கே கொடுத்தார்கள். இதை முதலில் படித்தபோது நான் இரண்டு தடவை வருஷத்தைச் சரிபார்த்தேன்.

பட்டம் வாங்கிய பிறகு

சந்திரமுகி அதோடு நிற்கவில்லை. 1884-ல் எம்.ஏ. முடித்தார். இந்தியாவில் எம்.ஏ. முடித்த முதல் பெண் அவர்தான். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் சந்தோஷப்பட்டு ஷேக்ஸ்பியர் புத்தகம் பரிசு கொடுத்தார். முதலில் எந்தப் பெத்தூனில் இடம் கிடைக்கவில்லையோ, அதே காலேஜுக்கு சந்திரமுகி பிரின்ஸ்பாலாக வந்து உட்கார்ந்தார்.

காதம்பினி 1883-லேயே துவாரகாநாத் கங்குலியைக் கல்யாணம் செய்துகொண்டு, டாக்டர் படிப்பில் சேர்ந்து 1886-ல் முடித்தார். படிக்கும்போதே குழந்தையும் பிறந்தது. பிரசவத்துக்கு 13 நாள்தான் லீவு எடுத்தார், ஒரு வகுப்பைக்கூட விடவில்லை என்று இங்கிலாந்தில் இருந்த நர்ஸ் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1888-ல் ஒரு கடிதத்தில் ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். அந்த வருஷமே லேடி டஃபரின் ஆஸ்பத்திரியில் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ராத்திரி நேரத்தில் நோயாளி வீட்டுக்குப் போகிற பொம்பளை என்று பேசியது. ஒரு பத்திரிகைக்காரர் அவரைப் பற்றி அசிங்கமாகவே எழுதினார். காதம்பினி அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. கணவரோடு சேர்ந்து கேஸ் போட்டார். 1891-ல் அந்த ஆசிரியருக்கு 100 ரூபாய் அபராதமும் 6 மாதம் ஜெயிலும் கிடைத்தது.

நம்ம தேயிலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர் கணவர் துவாரகாநாத் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு நேரில் போய், கூலிகள் படுகிற பாட்டைப் பார்த்துவந்து பத்திரிகையில் எழுதியவர். காதம்பினியும் 1922-ல், அறுபது வயதுக்கு மேல், பீகார் ஒரிசா பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த பெண்களின் நிலையை விசாரிக்கப் போனார். பட்டம் வாங்கியவர்கள் கூலிப் பெண்களை மறக்கவில்லை.

சென்னையும் நம்ம ஊட்டியும்

கல்கத்தாவுக்கு முன்பே சென்னையில் ஒரு கதவு திறந்தது. மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்காரப் பெண், வக்கீலின் மனைவி. ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் செத்துப்போகிற நம்ம பெண்களைப் பார்த்து மனசு பொறுக்காமல், டாக்டர் படிப்பு படிக்கிறேன் என்று கிளம்பினார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அவரோடு சேர்த்து நான்கு பெண்களை எடுத்தார்கள். பிறகு அவர் லண்டன் போய்ப் படித்து, பிரசவ மருத்துவத்தில் தங்கப் பதக்கம் வாங்கித் திரும்பி வந்தார். 1885-ல் அவர் முயற்சியில் ஆரம்பித்ததுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. இப்போது அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

1878-ல் அதே மருத்துவக் கல்லூரியில் கிருபாபாய் என்ற மராத்திப் பெண் சேர்ந்தார். முதல் வருஷம் நன்றாகப் படித்தார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை, படிப்பை விடவேண்டியதாகிவிட்டது. 1883-ல், கல்கத்தாவில் அந்த இரண்டு பேரும் பட்டம் வாங்கிய அதே வருஷம், சாமுவேல் சத்தியநாதன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு ஊட்டி பிரீக்ஸ் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் வேலை. அப்படித்தான் கிருபாபாய் நம்ம மலைக்கு வந்தார்.

படிப்பு பாதியில் நின்றுபோச்சே என்று அவர் முடங்கிவிடவில்லை. ஊட்டியில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். எழுதவும் ஆரம்பித்தார். 'சகுணா', 'கமலா' என்று இரண்டு நாவல்கள் ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு பெண் படிக்க ஆசைப்பட்டால் என்னென்ன பாடு படவேண்டும் என்பதுதான் அவற்றில் இருக்கிறது. 1894-ல் 32 வயதில் இறந்துபோனார். பட்டமளிப்பு விழாவில் அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் நம்ம ஊட்டியில் சிலேட்டுப் பலகை பிடித்த எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு முதல் எழுத்து அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தில்தான் கிடைத்தது. பிரீக்ஸ் பள்ளி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இப்போது அவர் ஞாபகம்தான்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழி அகலமானது. 1912-ல் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1914-ல் சென்னையில் பெண்களுக்கென்று முதல் அரசுக் காலேஜ் வந்தது. அதுதான் ராணி மேரி கல்லூரி.

இதை ஏன் எழுதினேன்?

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு அக்கா, மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட உள்கடன் கேட்டாங்க. கூட்டத்தில் பேச்சு கிளம்பிருச்சு. "மாடு வாங்கினா பால் வரும், அதை வித்துக் கடனைக் கட்டலாம். படிப்புக்குக் குடுத்தா எதை வித்துக் கட்டுறது? நாளைக்கு அவ கல்யாணம் ஆகிப் போயிருவா"ன்னு ஒருத்தர் கேட்டாங்க. கேட்டவங்க கெட்டவங்க இல்லை. சந்தாப் பணம் ஒவ்வொரு ரூபாயும் கொளுந்து பறிச்சு, கேரட் கழுவி வந்த பணம். பயம் நியாயமானதுதான். கடைசியில் கடன் கொடுத்தோம். ஆனால் கேட்ட தொகையில் பாதிதான் தீர்மான நோட்டில் ஏறியது. மீதியை அந்த அக்கா கம்மலை அடகு வைத்துக் கட்டினாங்க.

அந்த வீட்டுக் காதில் கம்மல் இல்லாததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அதனால்தான் பழைய கதையைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று புரிந்தது. காதம்பினி கெட்டிக்காரிதான், ஆனால் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதவில்லை. விதியை மாற்றச் சொல்லி மன்றாட ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது. ஒரே ஒரு மாணவி என்றாலும் வகுப்பைத் திறக்கிற பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. சந்திரமுகி முதலில் எழுதினபோது பின்னால் நிற்க யாரும் இல்லை, அதனால் பெயர் பட்டியலில் ஏறவில்லை. மறுபடி எழுதினபோது ஆள் இருந்தது, ஏறியது. ஒரு பெண் மேடை ஏறணும் என்றால் கீழே நாலு பேர் நிற்கணும்.

இன்றைக்கு விதி தடுக்கவில்லை. ஊட்டியில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருது. இப்போது தடுப்பதெல்லாம் சேர்க்கை நேரத்தில் கையில் காசு இல்லாததும், பஸ்ஸுக்குக் காசு இல்லாததும், "போதும், வீட்டில் இரு" என்கிற பேச்சும்தான். இதில் முதல் இரண்டையும் நம்ம குழுக்களால் தீர்க்க முடியும்.

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். பெண் பிள்ளைகளின் மேல்படிப்புக்கென்று தனியாக ஒரு கடன் கணக்கு ஆரம்பிக்க வேண்டும். மே, ஜூன் மாதத்தில் சேர்க்கை நடக்கும்போது கேட்ட ஒரு வாரத்தில் பணம் கிடைக்க வேண்டும். படிப்பு முடியும் வரை வட்டி மட்டும் கட்டினால் போதும், முதலைப் பிறகு தவணையாகக் கட்டலாம் என்று வைக்க வேண்டும். மாட்டுக் கடனுக்கு எப்படி உறுப்பினர்கள் போய் மாட்டைப் பார்க்கிறோமோ, அதே மாதிரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்க் சீட்டைக் குழுவில் காட்டட்டும். கடனும் பத்திரமாக இருக்கும், பிள்ளைக்கும் நாலு பேர் கேட்கிறார்கள் என்ற தைரியம் இருக்கும்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் எங்கள் குழு இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும். மற்ற குழுக்களும் உங்கள் கூட்டத்தில் பேசிவிட்டு, கையெழுத்தோடு வாருங்கள்.