வில்லுப்பாட்டு இசையும் சூழலும்

வில்லுப்பாட்டுக்கு வில்லடிச்சான்பாட்டு என்றும் பெயர். 1956-இல் இது வழங்கும் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்தில் நின்றது. பாட்டு எல்லையின் இருபுறமும் நிலைத்தது. வில், வீசுகோல், குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா ஆகியவையே கருவிகள். திரையோ ஒப்பனையோ கிடையாது. காடு, போர்க்களம், சுடுகாடு எல்லாவற்றையும் மெட்டும் தாளமுமே எழுப்பியாக வேண்டும். பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்களில் பகைவன் எதிர்ப்பட்டதும் பின்னணி இசை மாறுவதைப் போல, இங்கும் கதையின் திருப்பத்தில் நடை மாறும். கோயில் கொடைவிழாவில் தெய்வத்தை வரவழைக்கும் வரத்துப்பாட்டு தொடங்கியதும் உடுக்கையும் குடமும் விரைவு கொள்ளும். சாமியாடிக்கு அருள் ஏறும். வில்லுப்பாட்டின் வலு இது: சாமியாடியின் நிலையைப் பார்த்தே பாடும் புலவர் பாட்டை நீட்டுவார், முடிப்பார்.